தலைகீழாய் ஒரு தொப்பி

மார்ச் 4
காலையில் தோட்டாத் தொழிற்சாலை வாசலில் மேலதிகாரிக்குப் பணிவாக வணக்கம் வைத்தேன். கிட்டே போனால், ஆணியில் தொங்கும் அவருடைய மழைக்கோட்டு. கூட வந்த மகள், "பதில் வணக்கம் சொல்லிச்சாப்பா?" என்றாள்.

மார்ச் 5
கண் பரிசோதனை. எனக்கு முன்னால் நின்றவர் படித்த எழுத்துகளை அப்படியே ஒப்பித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வராத மனப்பாடம் இப்போது வருகிறது. ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். கண் போச்சு என்று தெரிந்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விஷயம் மகளுக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 19
எங்கள் தோட்டா ஒன்று வெடிக்கவில்லை. ஒரு காவலர் விசையை இழுத்தாராம். 'டிக்' — அவ்வளவுதான். எதிரே கத்தியோடு வந்தவன் நிற்கவில்லை. காவலரின் வலது கையை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம்.

தோட்டாவின் அடியில் பதிக்கும் பிரைமரை நாங்கள் தொப்பி என்போம். சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. துப்பாக்கி ஊசி அதைக் குத்தினால் உள்ளே இருப்பது நசுங்கிப் பொறி கக்கும். பொறி சின்னத் துளை வழியே பாய்ந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும். இந்தத் தொப்பி தலைகீழாகப் பதிந்திருந்தது. ஊசி என்ன குத்தி என்ன?

தொப்பிகளைத் தட்டில் அடுக்கி இயந்திரத்தில் வைப்பவள் என் மகள். பதித்தபின் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெட்டிக்கு முத்திரை குத்துபவன் நான்.

மார்ச் 20
பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா?

மார்ச் 24
விசாரணை. நான் வாய் திறக்குமுன் மகள் ஆரம்பித்துவிட்டாள். "அப்பா முத்திரை குத்தினப்புறம் எண்ணிக்கையில ஒண்ணு குறைஞ்சுதுங்க. நானே ஒண்ணு பதிச்சு பெட்டிக்குள்ள போட்டேன். அவர்கிட்ட காட்டல."

அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஐயோ, இவ ஏன் இப்படிப் பண்றா?

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. எப்படி நடந்துச்சு?"

"தெரியலைங்க."

மார்ச் 31
அவளுக்கு வேலை போய்விட்டது. "மிச்சம் பத்து மாசத்தை ஓட்டிடுங்கப்பா. எனக்கு வேற வேலை கிடைக்கும், உங்களுக்கு யாரு தருவா?" என்கிறாள். அவள் அம்மாவோ, "அப்பா மானத்தை வாங்கிட்டியேடி" என்றதோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 2
இடுப்பு வலி என்று சொல்லிப் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பொய்யில் கை தேர்ந்துவிட்டது.

ஏப்ரல் 9
விசாரணை அறிக்கை தபாலில் வந்தது. எழுத்து பொடி. மகள்தான் வாசித்துக் காட்டினாள்: "தவறு எப்படி நேர்ந்தது என்பதைத் தந்தை அறியார்."

'தெரியலைங்க' என்றுதான் சொன்னேன். அதற்கு முன்னால் 'கண்ணு' என்று ஒரு சொல் தொண்டைவரை வந்தது.