ஒன்பது அடி மதில்

மார்ச் 6, 2012, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. 'அன்புள்ள ஒதிலியா' என்று கொஞ்சலாகத் தொடங்கி, வைல்ட்ரோஸ் குடியிருப்பில் வீட்டு முன்பக்கம் மூன்றடிக்கு மேல் சுவர் கூடாது, மே 15-க்குள் இடித்துவிடுங்கள் என்று முடிகிறது. கீழே குடியிருப்போர் சங்கத் தலைவி லானெட் ப்ரூக்ஸின் கையெழுத்து. பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வேறு வரைந்திருக்கிறாள்.

என் மதில் ஒன்பது அடி. சனிக்கிழமைதான் கொத்தனார் தோன் சிப்ரியானோ கடைசிக் கல்லை வைத்து, இரும்பு கேட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் பொருத்திவிட்டுப் போனார். பூச்சு இன்னும் காயவில்லை.

அனுமதி கேட்காதது என் தப்புதான். ஆனால் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மெக்சிகோவில், மோன்தெர்ரேயில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மதில் குள்ளமாக இருந்தால், பாவம் என்ன கஷ்டமோ என்று விசாரிப்பார்கள். சொந்த வீட்டு மதிலுக்கு எதிர்வீட்டுக்காரியிடம் யார் அனுமதி கேட்பார்கள்? இங்கே டெக்சாஸில் சான் அன்டோனியோ வடக்கே நீண்டுகொண்டே போகிறது. மெக்சிகோவிலிருந்து வந்த நாங்கள் வாங்க வாங்க அவர்கள் தெரு போடுகிறார்கள். ஒரு வீட்டுக்கும் மதில் கிடையாது. வாசல் புல்வெளி நேரே தெருவில் போய் முடிகிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்க்கலாம்.

இடிக்க மாட்டேன். காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். நேற்று முன்தினம் ஞாயிறு காலை, என் கணவன் எவரார்தோ முன்னறையில் திரையைத் திறந்துவைத்துக் காப்பி குடித்தான். 2010-இல் மோன்தெர்ரேயில் பணத்துக்காக அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எட்டு நாள் வைத்திருந்தார்கள். கேட்டதைக் கொடுத்தோம், விட்டார்கள். மூன்றே வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்தோம். அன்றிலிருந்து தெருவைப் பார்த்த அறை எதிலும் அவன் உட்கார்ந்ததில்லை. தெருவில் கால் வைத்ததில்லை. வீட்டுக்குள்ளேயே காரில் ஏறுவான், வீட்டுக்குள்ளேயே இறங்குவான்.

ஒரு கோப்பை காப்பி. அதற்காக ஒன்பது அடி என்ன, தொண்ணூறு அடி கட்டுவேன்.

மார்ச் 9, வெள்ளி

லானெட்டே வந்தாள், பெக்கன் கொட்டை போட்ட கேக்கோடு. கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்ததும் எவரார்தோ பின்னறைக்குப் போய்விட்டான். இவள் நல்லவள் மாதிரிதான் பேசுகிறாள். அதுதான் எரிச்சல்.

"தப்பா எடுத்துக்காதீங்க கண்ணு. மதில் அழகாத்தான் இருக்கு. ஆனா இங்க யாரும் மறைஞ்சு வாழறதில்ல."

"நான் மறைஞ்சு வாழல. கதவைச் சாத்திக்கிட்டு வாழறேன்."

"யாருக்கு இவ்வளவு பயப்படுறீங்க?"

நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். மதிலும் பிழைத்திருக்கும். அடுத்த நாள் தெரு முழுக்க அவனைப் பார்த்து முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டிருக்கும். வேண்டாம். அது அவனுடைய எட்டு நாள். அதைக் காட்டி இரக்கம் வாங்க நான் இங்கே வரவில்லை.

கேக் நன்றாகவே இருந்தது. இரண்டு துண்டு தின்றேன்.

மார்ச் 14, புதன்

இரவு இரண்டு தாழ்ப்பாளையும் நானே இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் ஒரு தடவை. அதற்குப் பிறகு நான் ஒரு தடவை.

மார்ச் 22, வியாழன்

சங்கக் குழு முன்னால் என் பக்கத்தைச் சொல்ல இன்று கூப்பிட்டிருந்தார்கள். வக்கீலை அனுப்பினேன். வேறு யாரை அனுப்புவது? எங்கள் ஊரில் தண்ணீர் இணைப்புக்குக் கூட நாங்கள் நேரில் போனதில்லை, அதற்கென்று ஆள் உண்டு.

மினெர்வா வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கொமாத்ரே இவள். என் மகளுக்கு ஞானத்தாய், எங்களுக்கு ஐந்து வருஷம் முன்பே இங்கே வந்தவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

"அடிப்பாவி, கோட்டு போட்ட வக்கீலையா அனுப்புன? அங்க அஞ்சு பொம்பளைங்க பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நீ கேஸ் போடப் போறேன்னு நெனச்சு வெளவெளத்துப் போயிட்டாங்களாம்."

மறுத்துவிட்டார்கள், ஐந்துக்கு ஐந்து. வக்கீல் இன்னொரு வழி சொன்னார். எவரார்தோவுக்கு டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்களாம். அவனிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "நான் பைத்தியம்னு எழுதித் தரணுமா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 5, வியாழன்

புனித வாரம், ஈஸ்டர் விடுமுறை. மோன்தெர்ரே முழுக்க இங்கே கடைவீதியில் இருக்கிறது. நாத்தனார் ஏழு பெட்டியோடு வந்து, மதிலைப் பார்த்து, "அப்பாடா, இதுதான் வீடு" என்றாள்.

ஏப்ரல் 12, வியாழன்

சங்கத்தின் விதிப் புத்தகத்தை மூன்று நாளாகப் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கூட இப்படிப் படித்ததில்லை. எண்பத்தோராவது பக்கத்தில் கிடைத்தது. வருடாந்திரக் கூட்டத்தில் பாதிக்கு மேல் வீடுகள் வாக்களித்தால் எந்த விதியையும் மாற்றலாம். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. நூற்றேழு வாக்கு வேண்டும். எங்கள் ஆட்கள் வீடு மட்டும் நூற்றுப் பதினெட்டு, நானும் மினெர்வாவும் விரல் விட்டு எண்ணினோம்.

அப்புறம் கூட்டத் தேதியைப் பார்த்தேன். மே பத்து.

மே பத்து! எங்கள் அன்னையர் தினம். உலகமே இடிந்து விழுந்தாலும் அன்றைக்கு எந்த மெக்சிகோக்காரனும் தன் அம்மாவை விட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்கு வரமாட்டான். பாதிப் பேர் மோன்தெர்ரேக்கே போய்விடுவார்கள். லானெட் வேண்டுமென்றே செய்யவில்லை. வருஷா வருஷம் மே பத்தாம் தேதிதான் கூட்டமாம். நூற்றுப் பதினெட்டு வீட்டில் ஒருவரும் இதுவரை வராதது ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எண்பத்து மூன்றாவது பக்கம்: வர முடியாதவர்கள் ஒரு சீட்டில் பெயர், விலாசம், கையெழுத்து போட்டு, தங்கள் வாக்கை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பலாம்.

நல்லது. நானே ஒவ்வொரு வீடாகப் போகிறேன்.

ஏப்ரல் 19, வியாழன்

நான்கு நாள். முப்பத்தொரு வீடு. எல்லா வீட்டிலும் காப்பி, எல்லா வீட்டிலும் முத்தம், எல்லா வீட்டிலும் 'உங்க மதில் பிரமாதம்'. கையெழுத்து இரண்டு. ஒன்று மினெர்வாவுடையது, இன்னொன்று என்னுடையது.

சீட்டை நீட்டியதும் முகம் மாறிவிடுகிறது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்கிறார்கள். 'வீட்டுக்காரரைக் கேக்கணும்' என்கிறார்கள். ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் விளக்கை அணைத்தார்கள். எனக்குக் கோபம். இவ்வளவு கோழைகளா என்று கடைசி வீட்டில் கேட்டே விட்டேன். தோன் எலியோதோரோவின் வீடு அது. கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருந்தவர், எழுபது வயது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"தோன்யா ஒதிலியா, மோன்தெர்ரேல ஒருநாள் ரெண்டு பேர் வந்து, குடும்பத்துல எல்லார் பேரு விலாசமும் எழுதுங்க, வியாபாரிங்க சங்கத்துக்குன்னாங்க. எழுதினேன். மறுவாரம் என் மருமகன் கடைக்கு அந்தக் காயிதத்தோட வந்து அவனைத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் நான் எந்தக் காயிதத்துலயும் வீட்டு விலாசம் எழுதுறதில்ல. நீங்க கேட்டாலும் சரி, போப்பாண்டவர் கேட்டாலும் சரி."

காரில் உட்கார்ந்து அழுதேன். யாரையெல்லாம் கோழை என்றேன் — ஒவ்வொரு வீட்டிலும் ஒரு எட்டு நாள் இருந்திருக்கிறது. எங்க வீட்டுல மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே, நான் ஒரு முட்டாள்.

ஏப்ரல் 22, ஞாயிறு

பின்கட்டில் எவரார்தோ கரி மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு என்றால் நெருப்புக்குப் பக்கத்தில் அவனைத் தவிர யாரும் போகக் கூடாது. போனேன். இனி அடக்கி என்ன பயன்? தோன் எலியோதோரோ சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"நான் கேட்டா யாரும் போட மாட்டாங்க. நீ கேட்டாப் போடுவாங்க. உனக்கு என்ன நடந்துச்சுன்னு நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். நீயே பேரெழுதி நீட்டினா எவன் மாட்டேங்கப் போறான்?"

இறைச்சியைத் திருப்பிப் போட்டான். இன்னொரு துண்டையும் திருப்பினான்.

மகள் ஆஸ்டினிலிருந்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுக்க அவள் பரீட்சையைப் பற்றித்தான். நான் பேசியது தப்பா? தப்புதான். ஆனால் இடிக்க இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது. அவன் பின்னறைக்கே திரும்பிப் போனால் மறுபடி வெளியே கொண்டுவர என்னால் முடியாது.

ஏப்ரல் 23, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு வீட்டில் அவன் இல்லை. கார் இருக்கிறது. போன் மேசையில் இருக்கிறது. கேட் திறந்து கிடக்கிறது, இரண்டு தாழ்ப்பாளும். அன்றைக்கும் இப்படித்தான் — கார் இருந்தது, போன் இருந்தது. கடவுளே, மறுபடியுமா, இங்கயுமா, ஒன்பது அடி கட்டினேனே... செருப்பு இல்லாமல் தெருவில் ஓடினேன். மினெர்வாவுக்குப் போன் போட எண்ணே நினைவுக்கு வரவில்லை.

தெருக்கோடியில் அவன் வந்துகொண்டிருந்தான். நடந்து. தெருவின் நட்டநடுவில், குடித்தவன் மாதிரி, இரண்டு பக்கமும் வீடுகளிலிருந்து சம தூரம் விட்டு. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு சீட்டு. தோன் எலியோதோரோவின் கையெழுத்து, கொட்டை எழுத்தில் விலாசம்.

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். தெரு என்றும் பார்க்கவில்லை. அவன் முடியட்டும் என்று நின்று கேட்டுவிட்டு, "நாளைக்கு எந்தத் தெரு?" என்றான்.

மே 2, புதன்

எழுபத்து மூன்று. நான் கூடப் போகிறேன், ஆனால் வாசலில் நிற்பதோடு சரி. மணி அடிப்பது அவன். கதவைத் திறந்ததும் அவன் எதுவும் விளக்குவதில்லை. என் பெயருக்குக் கீழே தானும் எழுதிய எங்கள் வீட்டுச் சீட்டை முதலில் காட்டுகிறான்: எவரார்தோ, இந்தத் தெரு, இந்த எண், இதோ என் கையெழுத்து. ஆண்கள் அவனை ஒரு நிமிஷம் பார்க்கிறார்கள். அப்புறம் பேனா கேட்கிறார்கள்.

சில வீடுகளில் ஒரு மணி நேரம் ஆகிறது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

மே 8, செவ்வாய்

நூற்று ஒன்பது! அதில் இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் மூலை வீட்டுக் கிழவர் வெர்னன். அவர் நாய் எல்லோர் புல்லையும் தோண்டுகிறதாம், மதில் கட்ட விட்டால் அதை உள்ளே போட்டு மூடலாம் என்று பத்து வருஷமாகக் காத்திருக்கிறாராம்.

மே 10, வியாழன்

அம்மாவுக்குக் காலையிலேயே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். மாலை ஆறு மணிக்கு, மஞ்சள் பட்டுச் சட்டை, முத்து மாலை, உயரமான செருப்பு. பிச்சை கேட்கப் போகிறவள் மாதிரி போகமாட்டேன். பிஸ்கட்டும் கொண்டுபோனேன்.

நாற்பது பேர்தான் வந்திருந்தார்கள். வாக்கெடுப்பு வந்ததும் சீட்டுக் கட்டை லானெட் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை எண்ணினாள். கழுத்துவரை சிவந்துவிட்டது.

"இத்தனை பேரும் ஏன் வரல? வர்றதுக்கு என்ன?"

"இன்னிக்கு எங்களுக்கு அன்னையர் தினம், லானெட். பத்து வருஷமா இதே நாள்லதான் கூட்டம் போடுறீங்க. ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

விதி மாறியது. ஒன்பது அடிவரை கட்டலாம். அடுத்த வருஷத்திலிருந்து கூட்டம் மே முதல் வியாழன் என்றும் தீர்மானம் போட வைத்தேன். வெளியே வரும்போது லானெட் என் கையைப் பிடித்து, முதல் நாளே காரணத்தைச் சொல்லியிருந்தால் தானே முன்னின்று முடித்துக் கொடுத்திருப்பேன் என்றாள். யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"தெரியும்," என்றேன். "அதனாலதான் சொல்லல."

எவரார்தோ கூட்டத்துக்கு உள்ளே வரவில்லை. வெளியே நடைபாதையில் நின்று தோன் எலியோதோரோவோடு கால்பந்து பேசிக்கொண்டிருந்தான்.

மே 16, புதன்

இடிக்கச் சொன்ன நாள் நேற்றோடு போயிற்று. மதில் நிற்கிறது. மினெர்வா தனக்கும் ஒன்று கட்டப் போகிறாளாம், எட்டடி. என்னைவிட ஒரு அடி குறைவாக இருக்கட்டும் என்று பெரிய மனது.

மே 25, வெள்ளி

இன்றும் கேட் திறந்து கிடந்தது. இது நான்காவது நாள். வெர்னன் கிழவரின் நாய் உள்ளே வந்து புது ரோஜாச் செடி இரண்டைத் தோண்டிப் போட்டிருக்கிறது. இவ்வளவு சண்டை போட்டு, ஊர் முழுக்கக் கதவு தட்டி, அம்மாவை விட்டுவிட்டுப் போய் வாங்கின மதில். அதைக் கட்ட வைத்தவன் கேட்டை அகலத் திறந்துவைத்துவிட்டு நடக்கப் போய்விடுகிறான்.

காலை எட்டரைக்குத்தான் வந்தான், ரொட்டிப் பொட்டலத்தோடு. கத்தினேன்.

"மூடி வெச்சா, தோன் எலியோதோரோ காலைல நடக்கக் கூப்பிடுறது காதுல விழ மாட்டேங்குது," என்றான். முன்னறையில் போய் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான்.

மதிலில் ஒரு கல்லைக் கூட யாரையும் தொட விடமாட்டேன், அவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது நான் வாங்கினது. மாலையில் கேட்டை மூடப் போனேன். மேல் தாழ்ப்பாளில் கை வைத்தேன். தெருவில் எதிர்ப்பக்கம் லானெட் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

தோன் சிப்ரியானோவைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடச் சொல்ல வேண்டும். இழுக்காமலே கிடந்தால் துருப்பிடித்துவிடும்.