மடியில் ஈரம்

அக்கா,

மல்லாட்டைக் கடலை வேகிற வாசம் வந்தால் என் கண் அடுப்பைப் பார்ப்பதில்லை, உங்கள் சேலை மடியைத் தேடுகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். என் மகளைச் சுமந்தபோது மாமியார் என் தட்டில் பாதிக் களிதான் வைப்பார். "புள்ள பெருசாச்சுன்னா பெத்துக்கறது கஷ்டம், வாயக் கட்டுடி" என்பார். கெட்டவர் இல்லை, பிரசவத்துக்குப் பயந்தவர். ஆனால் பசிக்கு அதெல்லாம் தெரியுமா? எரிச்சலில் சட்டி பானையை உருட்டுவேன். நீங்களோ பக்கத்து வீட்டில் மல்லாட்டை அவித்து, சுடச்சுட மடியில் கட்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்னை இழுத்துப் போவீர்கள். "தின்னுடி. உள்ள ஒண்ணு காத்துக்கினு இருக்குதில்ல."

"இன்னாடி மடியெல்லாம் ஈரம்?" என்று மாமியார் கேட்டால், "தண்ணி தூக்கினேன் அத்த" என்று கூசாமல் சொல்வீர்கள்.

மகள் பிறந்தாள். "வாயக் கட்டச் சொன்னேனே, இது இன்னா இவ்ளோ பெருசா?" என்று மாமியார் விழித்தார். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தீர்கள்.

முப்பது வயசு முடியுமுன் உங்கள் மகனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, அக்கா. போன வாரம் அவனோடு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அவன் மனைவிக்கு ஆறாம் மாதம் என்றதும் டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அந்தப் பொண்ணு நல்லா சாப்பிடணும்மா. ஜீன் மேல மெத்தில்னு சின்னதா ஒண்ணு ஒட்டிக்கும். எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அதுவும் தீர்மானிக்கும். வயித்துல இருக்கும்போது அம்மா சாப்பாடு கம்மியானா அந்த ஒட்டு மாறலாம். பின்னால சர்க்கரை வர்ற வாய்ப்பு கூடலாம்."

"அப்போ இவனுக்கு அதாலதானா?"

"ஒரு ஆள வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. பல காரணம் இருக்கும்."

பஸ்ஸில் வடக்கனந்தல் வரும்வரை உங்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவனைச் சுமந்தபோது உங்களுக்கும் அதே பாதிக் களிதான். மடியில் கட்டிக்கொண்டு வர ஓர் ஆள் இல்லை. அந்தப் பசியை நினைத்துத்தானே என்னைப் பார்த்துக்கொண்டீர்கள்? உங்களிடம் ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. தின்றதோடு சரி.

வீட்டுக்கு வந்தால், சின்னசேலத்திலிருந்து வந்திருந்த உங்கள் சம்பந்தியம்மா, வாயைக் கட்டச் சொல்லி உங்கள் மருமகளுக்கு அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நாங்க பெத்துக்கலையா?" என்றார்.

நான் வாதாடவில்லை. எனக்குத்தான் வழி தெரியுமே.

தினம் மல்லாட்டை அவித்து அவளுக்குக் கொண்டுபோகிறேன், அக்கா. இந்த வீட்டுக்கு இப்போது நானும் ஒரு மாமியார். தட்டில் வைத்தே கொடுக்கலாம். இருந்தும் மடியில்தான் கட்டுகிறேன். இன்று உங்கள் மருமகள் கடைசிக் கொட்டையையும் உரித்துத் தின்றுவிட்டு, "சேலையெல்லாம் ஈரமாயிடுச்சே அத்த" என்றாள்.

"தண்ணி தூக்கினேன்" என்றேன்.