பஞ்சவர்ணம் போட்ட கையெழுத்து

ஒத்தக்கடை
12.8.1981

டெல்லியில் இருக்கும் மகன் வெள்ளைத்துரைக்கு அம்மா எழுதுவது. நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் தெரியும், இந்தத் தடவை கை வரவில்லை. உன் தங்கச்சி புருஷன் மலைச்சாமி மேலூர் கல் குவாரியில் வேட்டு வைத்த கல் தெறித்து விழுந்து செத்ததற்குத் தந்தி கொடுத்தோம். நீ வரவில்லை, பதினாறாம் நாளுக்கும் வரவில்லை, எட்டுப் பக்கத்தில் கடிதம்தான் வந்தது. கிரேக்க தேசத்து ஞானிகள் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்களாம், மூன்று கிழவிகள் உட்கார்ந்து ஒவ்வொருவர் ஆயுளையும் நூலாக நூற்று, அளந்து, அறுத்துவிடுகிறார்களாம், தெய்வங்களாலும் தடுக்க முடியாதாம், மனுஷனுக்குப் பிறக்காமல் இருப்பதே மேலாம். ஒரு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உன் தங்கச்சி பஞ்சவர்ணம் அதைப் படித்தாள். பிறக்காமல் இருப்பதே மேல் என்ற இடத்தில் பிள்ளையைக் குனிந்து பார்த்தாள், அதை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருசமாக மில்லில் நூல் ஓட்டுகிறேன், காரணமில்லாமல் ஒரு இழை அறுந்து நான் கண்டதில்லை. உன்னைப் படிக்கவைத்தது இதை எழுதவா?

இங்கே நடந்ததைக் கேள். வேட்டு வெடிக்குமுன் குவாரியில் விசில் ஊத வேண்டும், அன்றைக்கு ஊதவில்லை. மற்ற ஆட்கள் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை, சோறு கொண்டுபோயிருந்த உன் தங்கச்சி ஒருத்திதான் போலீசில் சொன்னாள். உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து குவாரி காண்டிராக்டரின் ஆள் கண்ணுச்சாமி வந்திருக்கிறான். விசில் ஊதினோம், மலைச்சாமிதான் நகரவில்லை என்று எழுதிய தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிப் போய்விட்டான். ஏன் போட்டாய் என்று கேட்டேன். "அம்புட்டும் விதின்னு அண்ணனே எழுதியிருக்கு. பெறகு யாரைக் குத்தம் சொல்ல?" என்றாள். அவர்கள் மிரட்டியும் அசையாதவளை நீ சாய்த்துவிட்டாய்.

மறுநாளே மேலூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். எந்தப் பேச்சு நிசம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பிறகு, "விசில் ஊதல சார். நான் தூக்குவாளியோட அங்கனதான் நின்னேன்" என்றாள். எழுதிக்கொண்டார். ஆனாலும் அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கிறது, லேபர் ஆபீசர் விசாரணையில் அதை நீட்டி அவளைப் பொய்க்காரி என்பார்கள் என்று எங்கள் மில் யூனியன்காரர் சொல்கிறார்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி விசாரணை. நீ வந்து, என் கடிதத்தை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள் என்று உன் வாயால் சொல்லவேண்டும். வராவிட்டால் அந்த எட்டுப் பக்கத்தையும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், உன் பெயரோடு எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும். லீவு இல்லை என்று எழுதாதே. அதையும் விதி என்று எழுதாதே.

மருமகளும் பேரனும் நூறு வயசு இருக்கட்டும், அவர்களுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு உள்ளதை நேரில் வந்து வாங்கிக்கொள். டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
பேச்சியம்மாள்