பாதியில் நின்ற கோடாலி

8 செப்டம்பர், ஞாயிறு

தம்பி ஜெயபாண்டி விறகு பிளப்பதைப் பாதியில் விட்டுவிட்டான். கோடாலி கட்டையில் குத்தியபடியே நிற்கிறது. வரப்பிலிருந்த சீமைக்கருவேலத்தை எல்லாம் போன மாதம் வெட்டி, தன் லோடு ஆட்டோவிலேயே கொண்டுவந்து கொல்லையில் கொட்டியவன் அவன்தான். "ஒரு வருசத்துக்கு வெந்நீருக்குக் கவலையில்லைக்கா" என்று பெருமை வேறு. இன்று கேட்டால் கை வலிக்கிறதாம். காலையில் சிமெண்டு மூட்டை இறக்கிய கை!

11 செப்டம்பர்

கருவேலத்தை ஈரத்தோடு பிளக்க வேண்டும். காய்ந்துவிட்டால் இரும்பு. அம்மாவுக்கும் இது தெரியும். தெரிந்தும், "விடுத்தா, கூலிக்கு ஆள் பாத்துக்கலாம்" என்கிறாள். தேங்காய் உரிக்கக்கூட ஆள் கூப்பிடாத அம்மா.

15 செப்டம்பர், ஞாயிறு

நானே எடுத்தேன். முதல் வெட்டு ஓரத்தில் பட்டு வழுக்கி மண்ணில் இறங்கியது. காலைத் தள்ளி வைத்திருந்ததால் தப்பித்தேன். பிறகு பிடிபட்டது. கட்டையை நிமிர்த்தி வைத்து, வெட்டுமுகத்தில் ஏற்கெனவே விட்டிருக்கும் வெடிப்பைப் பார்த்துப் போட வேண்டும். கணு இருக்கும் பக்கம் போகவே கூடாது.

தம்பி வந்து நின்றான். "கால்ல போட்டுக்குவக்கா, விடு" என்றான். ஆனால் கோடாலியை வாங்கவில்லை. தாடி வேறு வளர்க்கிறான். "மாலை போடப் போறியாடா?" என்றால், "சும்மாதான்." சோம்பேறிக்குச் சவரமும் பாரம்.

22 செப்டம்பர்

உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மருந்துக் கடையில் பில் போடுகிறவள் கையில் மருந்து போடாமல் வந்திருக்கிறாளே என்று முதலாளி சிரிக்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் அனுப்பிவிட்ட பிறகு, இந்த வீட்டில் நான் சத்தம் வரும்படி எதுவும் செய்ததில்லை. கதவைக்கூட மெல்லத்தான் சாத்துவேன். கட்டை பிளக்கிற சத்தம் அடுத்த தெருவரை கேட்கிறது. பிடித்திருக்கிறது.

6 அக்டோபர், ஞாயிறு

குவியலின் அடிக்கட்டையைப் புரட்டினேன். பாம்பு. நல்ல தடியான விரியன். நான் கத்தியதில் தம்பி கம்போடு ஓடி வந்தான். கம்பை ஓங்கிவிட்டான். சமையல்கட்டிலிருந்து அம்மா அலறினாள்: "டேய், நீ அடிக்காதடா! நீ அடிக்கக் கூடாதுடா!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி கம்பைக் கீழே போட்டான். பாம்பு வேலிக்குள் போய்விட்டது. அவன் பெண்டாட்டி பவதாரிணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண்டாட்டி உண்டாகியிருந்தால் புருஷன் பாம்பை அடிக்க மாட்டான். மரத்தில் கோடாலி வைக்க மாட்டான், தாடியை எடுக்க மாட்டான். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு உறைக்கவே இல்லையே!

மாத்திரை எங்க வாங்குனாங்க? என் கடைக்கு வரலையே. சமயநல்லூர்ல கடையை வச்சுக்கிட்டு மதுரைக்குப் போய்த்தான் வாங்கியிருப்பாங்க. எங்கிட்ட மறைக்கவா இம்புட்டு தூரம்?

7 அக்டோபர்

அம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"உனக்கு மனசு சங்கடப்படும்னுதான்..."

"பொய் சொல்லாதம்மா."

புடவைத் தலைப்பை முறுக்கினாள். பிறகு, "போன வருசம் அவ உங்கிட்டதான மொதல்ல சொன்னா. பத்தே நாள்ல கலைஞ்சு போச்சு. அவ ஒண்ணும் சொல்லலத்தா. எனக்குத்தான் பயம்" என்றாள்.

என் கண்ணுக்குப் பயம். பெத்தவளுக்கு!

பவதாரிணிக்குத் தாய் கிடையாது. அதனால்தான் அன்று என்னிடம் ஓடி வந்து சொன்னாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுத அழுகை அது. அதையா இவர்கள் கணக்கில் வைத்தார்கள்?

13 அக்டோபர்

விறகு பிளந்தேன். யாரிடமும் பேசவில்லை.

17 நவம்பர்

அவள் கூடத்துக்கு வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுகிறேன். கொல்லைக்கு வந்தால் கூடத்துக்கு. கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் அவள் துணி காயப்போடும்போது எதிரே மாட்டிக்கொண்டு, சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். கோபக்காரி எதற்குக் கண்ணை மூடுகிறாள்? கண்ணேறு, திருஷ்டி எதையும் நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும், ஒருவேளை?

என்னையே எனக்குப் பயமாக்கிவிட்டார்கள்.

22 டிசம்பர், ஞாயிறு

காய்ந்துபோன கட்டைகள்தான் மிச்சம். ஆப்பு இறக்கித்தான் பிளக்க வேண்டியிருக்கிறது. பவதாரிணி வந்து எதிரே நின்றாள்.

"தள்ளி நில்லு. சிராய் தெறிக்கும்." இரண்டு மாதத்தில் நான் அவளிடம் பேசியது அதுதான்.

நகரவில்லை. "அத்தைக்குப் பயந்துக்கிட்டு நானும் வாயைத் தொறக்கல மதினி. தப்புதான். ஆனா நீங்களும் பாக்காட்டி, நான் யாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டுறது?" நைட்டியை வயிற்றோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றாள். "பாருங்க மதினி. பாருங்க."

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது.

பார்த்தேன். கண் நிறையப் பார்த்தேன்.

23 பிப்ரவரி

பிரசவத்துக்கு அவள் இங்கேயே இருப்பது என்று முடிவாகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்ற, நன்றாகக் காய்ந்த சன்னமான விறகாகப் பார்த்து ஓரமாகத் தனியே அடுக்கினேன். அம்மா வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் அவளுக்கு வராது. சிராய் குத்தும் என்று என் கைக்குத் துணி சுற்றிவிட்டாள்.

27 ஏப்ரல், ஞாயிறு

பெண் குழந்தை. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். என் மருமகளுக்கு மூக்கு மட்டும் எங்கள் வீட்டு மூக்கு. பாவம்.

காலையில் தம்பி முகத்தை மழித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான். "குடுக்கா, இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று கோடாலிக்குக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. "போடா, போய் அண்டாவுல தண்ணி ஊத்து" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றி அம்மாதான் கொண்டுவந்தாள். என் மடியில் போட்டாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா மைக் கிண்ணத்தை என் பக்கமாக நகர்த்தினாள்.

"ஊரு கண்ணு படாம கன்னத்துல ஒரு பொட்டு வையித்தா."

வைத்தேன்.