ஒரே நம்பருக்கு அன்லிமிடெட்

என்னங்க,

ரசத்தைச் சுடவைத்துக்கொள்ளுங்கள், வறுத்த மத்தி மீனை மூடி வைத்திருக்கிறேன். நெடுங்காட்டில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், நாளை வந்துவிடுவேன்.

நெட் இல்லாத அந்தப் பழைய பிளானை மாற்றச் சொல்லி நேற்று அத்தனை சண்டை போட்டேனே! இன்று செல்போன் கடையில் உங்கள் நம்பரைச் சொல்லி விசாரித்தேன். "எவன்கிட்டய்யா இருக்கு இப்படி ஒரு அன்லிமிடெட்? கலெக்டருக்கே கிடையாது!" என்று தலத்தெரு முழுக்க மார்தட்டினீர்களே, அது ஒரே ஒரு நம்பருக்குத்தானாம்! மற்றவர்களோடு பேசினால் தனிக் காசாம். எந்த நம்பர் என்று கேட்டேன். கடைப்பெண் படித்தாள். என் நம்பர்! பன்னிரண்டு வருஷமா இதைப் பத்தி வாயே திறக்கலையே நீங்க!

மாற்ற வேண்டாம். நெட்டுக்கு வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம்.

கல்யாணசுந்தரி

பி.கு.: சாப்பிட்டதும் கூப்பிடுங்கள். அக்கா முறைத்தாலும் போனை வைக்க மாட்டேன்.