மின்னஞ்சலின் அடியில் உங்கள் முகம்

இன்று காலை சங்க அறைக் கணினியில் புதிய மின்னஞ்சல் எழுதுவதற்கான பொத்தானை அழுத்தினேன். நான் ஓர் எழுத்தைத் தட்டுவதற்கு முன்பே, வெள்ளைப் பக்கத்தின் அடியில் நீங்கள் வந்து நின்றீர்கள். அதே மீசை, அதே சிரிப்பு. வலது கையை யார் தோளிலோ போடுவதற்காக நீட்டியிருக்கிறீர்கள். கை முடிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அதன் கீழே உங்கள் பெயர், செயலாளர், ஓய்வுபெற்றோர் சங்கம். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் முருகையன் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், உங்களுக்குத் தெரியும். அவர் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு. நகரிய மருத்துவமனையில் படுத்திருக்கிறார். சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அனுமதி கேட்டு சுரங்க நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுக்குச் சங்கத்திலிருந்து எழுதினால் சீக்கிரம் பார்ப்பார்கள். அது நீங்கள் உண்டாக்கிவைத்த வழக்கம். இப்போது செயலாளர் இல்லை. துணைச் செயலாளராகிய நான் இருக்கிறேன்.

“இன்னா சார், பாத்துகினே இருக்கீங்க?” என்று முருகையன் எழுந்து வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “அய்யோ, இத்தோட அனுப்பிடாதீங்க சார். அங்க அவ மூச்சு வாங்கிகினு கெடக்கறா. செத்தவரு மூஞ்சியோட அவ பேரு போவக் கூடாது.”

நான் சொல்ல நினைத்ததைத்தான் அவர் சொன்னார்.

இந்தப் படத்தை நீங்கள் சேர்த்த நாள் நினைவுக்கு வந்தது. “பேரை மட்டும் போட்டா யாருக்கு சார் தெரியும்? மூஞ்சி போவணும். இந்த ஆளு நேத்து வந்து நின்னான், பதில் சொல்லலைன்னா நாளைக்கும் வந்து நிப்பான்னு அவங்களுக்கு ஒரு பயம் இருக்கும்” என்றீர்கள். ஒருமுறை சேர்த்துவிட்டால் அதன்பின் எல்லா மின்னஞ்சலிலும் படம் தானாக வந்துவிடும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அளவைக் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. முதல் மின்னஞ்சல் போன சற்று நேரத்தில் மருத்துவப் பிரிவு எழுத்தர் போன் செய்தார். “அண்ணே, மீசை வந்துடுச்சி. மெயில் எப்ப வரும்?”

நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்துக்குப் போன ஒன்று தவறாகப் போனால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி ஓடும். ட்ராயிங் ஆபீசில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஒரு கோடு பிசகினால் கீழே சுரங்கத்தில் ஓர் இயந்திரம் பிசகும் என்று பயந்தே வேலை பார்த்தவன். உட்கார்ந்து உங்கள் முகத்தை ஒரு தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

உண்மையில் அது நாம் இருவரும் நின்ற படம். சங்க ஆண்டு விழாவில் எடுத்தது. “ரெண்டு பேருமே போவோம் சார்” என்றீர்கள். தெரியாத மனிதர்களின் கணினிக்கெல்லாம் என் முகம் போவதா என்று மறுத்தேன். “மெயில்ல போற மூஞ்சிய யாரு சார் புடிச்சி அடிக்கப் போறாங்க?” என்று கேட்டீர்கள். அப்படியும் நான் கேட்கவில்லை. என்னை நானே வெட்டி எடுத்தேன். சரியாக வெட்ட வரவில்லை. உங்கள் கையை அதிகம் குறைக்க மனமில்லாமல் என் வெள்ளைச் சட்டையில் ஒரு கீற்று ஓரத்தில் தங்கிவிட்டது. நீட்டிய கையும் அந்தக் கீற்றுமாக எத்தனையோ பேருக்கு மருந்தும், படுக்கையும், ஆம்புலன்சும் கேட்டுப் போய்வந்தீர்கள்.

நீங்கள் போனது ஒரு சனிக்கிழமை. ‘சனிப்பிணம் தனிப்போகாது’ என்று முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்த உங்கள் உறவினர்கள் துணைக்குப் பாடையில் ஒரு கோழியைக் கட்டினார்கள். படித்தவன், இதையெல்லாம் நம்பாதவன் என்று நான் சற்றுத் தள்ளி நின்றேன். நம்பாமல் பயப்படுவது இன்னும் கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. நம்புகிறவர்களுக்காவது கோழி இருந்தது.

மறுநாள் என் வீட்டருகே வடக்குத்து முனையில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். உங்கள் மகன் இந்தப் படத்தைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தான். மின்னஞ்சலில் கண்ணுக்கே தெரியாத என் சட்டைக் கீற்று அங்கே ஒரு முழத்துக்கு வளர்ந்திருந்தது. உங்கள் கை அதை நோக்கி நீண்டிருந்தது. யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பேனரை எடுக்கும்வரை பால் வாங்கக்கூடச் சுற்றுவழியில் போனேன். என் மனைவி கேட்டதற்கு முனையில் நாய் இருக்கிறது என்றேன்.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. உங்கள் மறைவுச் செய்தியை உறுப்பினர்களுக்கு அனுப்பியவன் நான். ‘ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்’ என்று எழுதி, பிழை பார்த்து அனுப்பினேன். அடியில் தானாக நீங்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டீர்கள். “இன்னா சார், அவரே சொல்லிட்டுப் போறாரா?” என்று ஒருவர் பதில் எழுதியிருந்தார். அன்று மூடிய அந்த மின்னஞ்சல் பெட்டியை இன்றுதான் திறந்தேன்.

முருகையன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். அமைப்புகளுக்குள் போய், கையொப்பம் என்ற இடத்தில் உங்கள் படத்தைத் தொட்டேன். சுற்றிலும் நீலக் கோடு வந்தது. அழிக்கும் விசைமேல் விரலை வைத்தபடி இருந்தேன். பயமாக இருந்தால் நீங்கள் எப்போதும் எனக்குச் சொல்வது நினைவுக்கு வந்தது. “பயம் அதும்பாட்டுக்கு இருக்கட்டும் சார். நீங்க அனுப்பிச்சிட்டுப் பயப்படுங்க.” அழுத்தினேன். நீங்கள் போன இடம் வெள்ளையாக இருந்தது. அதில் என் பெயரையும் பொறுப்பையும் தட்டினேன்.

“பேரு மட்டுமா?” என்றார் முருகையன். “உங்க மூஞ்சியப் போடுங்க சார்.”

“என்னை அங்கே யாருக்கும் தெரியாதே, முருகையன்.”

“தெரியாதுன்னுதான சொல்றேன். ஆளு யாருன்னே தெரியாம எழுதினா எவன் படிப்பான்? அவளுக்காவப் போடுங்க சார்.”

நீங்கள் இருந்த இடத்தில் நான் போய் உட்கார வேண்டும். சனிக்கிழமை போனவர் விட்டுச்சென்ற இடத்தில். கணினியில் தேடினேன். என் படம் என்று அதில் இருந்தது ஒன்றுதான், வெட்டாத அந்தப் பழைய படம். இந்தமுறை உங்களை வெட்டினேன். நான் மட்டும் நின்றேன், சிரிக்கவும் தெரியாமல். ஆனால் என் முதுகைச் சுற்றி வந்த உங்கள் கை அந்தப் பக்கத்துத் தோளில் இருந்தது. நான்கு விரல்கள், ஒன்றில் மோதிரம். வெட்டிப் பார்த்தேன், விரல் போனால் தோள் போகிறது, தோளோடு காதும் போகிறது.

“வுடுங்க சார், யாரு கையோ இருந்துட்டுப் போவுது” என்றார் முருகையன். அவருக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

அளவைக் குறைத்தேன். பக்கத்தின் கடைசிவரை இறங்கி, நீங்கள் எப்போதும் மறந்துவிட்டுத் திட்டும் அந்தச் ‘சேவ்’ பொத்தானை அழுத்தினேன். முருகையன் மனைவியின் பெயரை எழுத்துக் கூட்டிச் சரிபார்த்து அனுப்பினேன். அவர் மருத்துவமனைக்கு ஓடினார்.

சங்கத்திலிருந்து போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலும் உங்கள் போனுக்கு வரும்படி நீங்கள் செய்துவைத்திருந்ததை நான் மறந்தே போனேன். அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் உங்கள் பெயர். சாவி கீழே விழுந்தது. உங்கள் போனை இப்போது உங்கள் வீட்டம்மா வைத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வர எனக்கு நேரம் பிடித்தது. அதன் பிறகு வேறு பயம். உங்கள் படத்தை எடுத்ததற்குக் கேட்பாரோ?

“சார், மெயில் ஒண்ணு வந்துதுங்க. அவுரு படம் இல்ல.”

“ஆமாங்க. நான்தான்… உங்களைக் கேட்டிருக்கணும்.”

“உங்க தோள்ல இருக்கறது அவுரு மோதிரந்தானுங்களே?”

“ஆமாங்க. வெட்டிப் பார்த்தேன். வரவில்லை.”

“வெட்டாதீங்க” என்றார். “அப்படியே போவட்டும்.”

மாலையில் முருகையன் பேசினார். அனுமதி வந்துவிட்டதாம், வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அறுவை சிகிச்சை நல்லபடி முடிய வேண்டுமே என்று எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது வலது தோளைத் தொட்டுப் பார்த்தேன். நாளை இன்னொருவருக்கு மருந்து கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. அனுப்பிவிட்டுப் பயப்படுகிறேன்.