மைமூன் எழுதிக் கொடுத்த பயிற்சி

மைசூர்
9.7.1989

அன்பு மதினிக்கு, மைமூன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அண்ணனைப் பார்த்துவிட்டு ரயில் ஏறியதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இங்கே விடாத தூறல். வகுப்பு மேசையில் பிளாஸ்டரில் செய்த மூளை ஒன்று இருக்கிறது. பேராசிரியர் அதன் இடப்பக்கத்தைத் தொட்டு, பேச்சு இங்கேதான் இருக்கிறது என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அண்ணன் நம் பட்டறையில் பேண்டேஜ் துணிக்கட்டுகளுக்கு நடுவே சரிந்து விழுந்த இடம்தான் தெரிந்தது.

அந்த இடப்பக்கத்தில் ரத்தம் தடைபட்டதால்தான் வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் சேர்ந்து போயின. அறிவு போகவில்லை மதினி. கஞ்சியைப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நிமிர்ந்து உட்காரவைத்து, கெட்டியாக, சின்னக் கரண்டியில் கொடுங்கள்.

நான் பேச்சுப் பயிற்சி படித்துக்கொண்டிருக்கிறவள்தான், டாக்டர் இல்லை. ஆனாலும் கேட்டுச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது. ஒரு மாதத்தில் ஏதாவது பேசினாரா? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
மைமூன்


இராஜபாளையம்
20.7.1989

அன்பு மைமூனுக்கு, வ அலைக்கும் சலாம்.

உட்காரவைத்துத்தான் கொடுக்கிறேன். புரையேறுவது குறைந்திருக்கிறது. ஆனால் பேச்சு போய்விட்டது என்கிறாயே, அதைத்தான் நம்ப முடியவில்லை. யாராவது சலாம் சொன்னால் உன் அண்ணன் சுத்தமாகப் பதில் சலாம் சொல்கிறார். அல்ஹம்து சூராவைத் தொடங்கிக் கொடுத்தால் ஆமீன் வரை ஓதுகிறார். நம் பட்டறைக் காதர் பாய் பேண்டேஜ் சுருள்களை எண்ணினால், இவரும் கூடவே பன்னிரண்டு வரை எண்ணுகிறார். என்னைக் கண்டால் மட்டும் வாய் மூடிக்கொள்கிறது.

"என்னம்மா, மொதலாளி எங்கூட எண்ணுதாவ, ஒங்ககிட்ட மட்டும் பேச மாட்டேங்காவளே?" என்று காதர் பாயே கேட்டுவிட்டார்.

யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். விழுந்த அன்று காலை எங்களுக்குள் சண்டை. அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். ஆர்டர் கிடக்கிறது, போகாதே என்றார். "இனிமே எங்கிட்டப் பேசாதீய" என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் விழுந்தார். நான் சொன்னதைத்தான் நிறைவேற்றுகிறார் போல.

பகலில் கண் அசந்தால் ஒரே கனவு. முற்றமெல்லாம் வெள்ளைத் துணி காய்கிறது. துணிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார். விலக்கினால் இன்னொரு துணி, அதை விலக்கினால் இன்னொன்று, அப்புறம் மேகம் இறங்கிய மலை. என்ன பேசினார் என்று விழித்ததும் மறந்துவிடுகிறது.

சம்சாத்


மைசூர்
1.8.1989

அன்பு மதினிக்கு, சலாம்.

படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். அண்ணனாவது, சொன்னதைக் கேட்டு நடப்பதாவது! எனக்கு வாங்கித் தருகிறேன் என்ற சைக்கிள் ஏழு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

அது கோபமில்லை மதினி, நோய். சலாமும் ஓதுவதும் எண்ணுவதும் யோசிக்காமலே வாயில் வந்துவிடும். ஒரு சொல்லைத் தேடி எடுத்துச் சொல்வதுதான் முடியவில்லை. இதற்குப் பயிற்சி உண்டு. தினமும் காலையில் அவர் உங்கள் வாயைப் பார்க்கும்படி எதிரே உட்காருங்கள். "நான் யார்?" என்று கேளுங்கள். வராவிட்டால் "சம்" என்று எடுத்துக் கொடுங்கள், "சாத்" என்று அவர் முடிப்பார். நெருக்கமான பெயரிலிருந்து தொடங்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. உங்களைவிட நெருக்கம் வேறு யார்?

மைமூன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.9.1989

மைமூனுக்கு,

நாற்பது நாள் கேட்டேன். "தண்ணி" வந்தது. "வலி" வந்தது. "காதர்" என்று தெளிவாக வந்தது. காதர் பாய் தேம்பி அழுதுவிட்டார். என் பெயர் வரவில்லை. சம், சம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, கடைசி நாள் கண்ணில் நீரோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைப் பிடிக்கவில்லை என்பதை வாயில்லாத மனுஷன் இதைவிட எப்படிச் சொல்வார்?

பார்த்துக்கொள்ளச் சீனியம்மாளை அமர்த்திவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து மழை வாசனை வருகிறது. நாள் முழுக்கத் தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடமாடுகிறேன். கனவு மட்டும் வருவதில்லை.

இனிப் பயிற்சி எதுவும் எழுதாதே. உன்மேல் எனக்குப் பாசம்தான். ஆனாலும் வேண்டாம்.

சம்சாத்


மைசூர்
27.9.1989

மதினி,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், ஆனால் படித்துவிடுங்கள். நடந்ததைப் பேராசிரியரிடம் சொன்னேன். "நோய் வருவதற்கு முன்னால் உன் அண்ணன் தன் மனைவியை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டார்.

நம் வீட்டில் எந்த ஆம்பளை பெண்டாட்டி பெயரைச் சொல்லியிருக்கிறார்? அம்மாவின் பெயரை அத்தா சொல்லி நான் கேட்டதே இல்லை. அண்ணன் வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பார், நீங்கள் போவீர்கள். பத்தொன்பது வருஷத்தில் அவர் வாய் ஒரு தடவைகூட உங்கள் பெயரைச் சொல்லிப் பழகவில்லை. காதர் பாயை நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டார், அந்தப் பெயர் வந்தது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்கவில்லை. புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதி உங்கள் நாற்பது நாளையும் பாழாக்கினேன். வெட்கமாக இருக்கிறது.

அவர் முகத்தைத் திருப்பியது முடியாமல் போன வேதனையில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் மனசில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. போனால் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள்
மைமூன்


இராஜபாளையம்
15.10.1989

அன்பு மைமூனுக்கு, சலாம்.

உன் கடிதத்துக்காக நான் திரும்பவில்லை. "கஞ்சி வாங்க மாட்டேங்காவ, வாசலையே பாக்காவ" என்று சீனியம்மாள் சொல்லி அனுப்பினாள். பஸ் ஏறிவிட்டேன்.

எதிரே போய் உட்கார்ந்தேன். வெளியே மழை பெய்கிற மாதிரியும் இருந்தது, பெய்யாத மாதிரியும் இருந்தது. எதைக் கேட்பதென்று தெரியவில்லை. பிறகு என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"எங்கிட்டக் கோவமா?"

இல்லை என்று தலையை அசைத்தார்.

எல்லாவற்றுக்கும் இப்படித்தான் அசைப்பாரோ என்று சந்தேகம். "இது ராஜபாளையந்தான?" என்றேன். ஆமாம் என்று ஆட்டினார். "நான் காதர் பாயா?" என்றேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்று அசைத்தார். சிரித்துவிட்டேன். அவருக்கும் ஒரு பக்கத்து உதடு சிரித்தது.

"அன்னைக்குப் பேசாதீயன்னு சொன்னேனே, அதுக்குமா கோவமில்ல?"

இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை, இல்லை என்று அசைத்தார்.

நாலு மாதம், மைமூன். அவர் வாய்க்கு வராததையே கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்குத் தலையசைப்பே போதும். என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் இதை மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

உன்
சம்சாத் மதினி